திங்கள் சூடிய பெருமானும் திருவிழா நாட்கணக்கும்

திருச்சிற்றம்பலம்.

திருக்கோயிலிற் கொடியேறிவிட்டது. இன்னும் சில நாட்களில் தேர் ஓடும், தீர்த்தவாரி நிகழும். கொடி ஏறிய நாளை வைத்துத் தீர்த்த நாளைக் குறித்தார்கள் என்று நம்மிற் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகம மரபு இதற்கு நேர்மாறானது. எந்தத் திங்களில், எந்த நட்சத்திரத்தில் தீர்த்தம் ஆட வேண்டும் என்பதே முதலில் உறுதி செய்யப்படும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே கொடியேற்றம் குறிக்கப்படும். விழாவின் வேர் தீர்த்த நாளில் இருக்கிறது. தீர்த்த நாளின் வேரோ வானத்துத் திங்களில் இருக்கிறது. ஆதலின், திங்களைக் கொண்டு காலத்தை அளந்த வரலாற்றைச் சிறிது சிந்திப்பது இத்திருவிழாக் காலத்துக்குப் பொருத்தமான பணியாகும்.

இதனைச் சிந்திக்க மற்றொரு காரணமும் உண்டு. ஒரே விழாவை ஒரு பஞ்சாங்கம் இன்று என்கிறது. மற்றொன்று நாளை என்கிறது. ஒரே குடும்பத்தில் மூத்தவர் ஒரு நாளும் இளையவர் மறுநாளும் விரதம் இருக்கின்றனர். "எது மெய்யான நாள்? தவறிய நாளில் இருந்த விரதம் பயன் தருமா?" என்று அன்பர்கள் கலங்கிக் கேட்கின்றனர். இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால் திங்களின் நடையை அறிதல் வேண்டும்.

இருபத்தேழு மனைவியர்

தக்கன் தன் பெண்கள் இருபத்தெழுவரைச் சந்திரனுக்கு மணம் செய்து கொடுத்தான் என்றும், சந்திரன் உரோகிணியிடம் மட்டும் மிக்க அன்பு காட்டியதால் தக்கன் வெகுண்டு, "நாளும் தேய்வாயாக" எனச் சபித்தான் என்றும், தேய்ந்து ஒற்றைக் கலையாய் எஞ்சிய நிலையில் அவன் சிவபெருமானை அடைக்கலம் புக, பெருமான் அக்கலையைத் தம் சடைமேற் சூடி அழியாமற் காத்தார் என்றும் புராணம் கூறும். கதையின் பக்திப் பொருளை நாம் அறிவோம். அதன் வானியற் பொருளையும் அறிந்துகொண்டால் சுவை மிகும்.

இருபத்தேழு மனைவியர் என்பார் திங்கள் செல்லும் வழியில் உள்ள இருபத்தேழு நாண்மீன்கள். திங்கள் ஓர் இரவு ஒரு மனையிலும் மறு இரவு அடுத்த மனையிலும் தங்கி, 27 நாளும் ஏறத்தாழ 8 மணி நேரமும் கழிந்தபின் புறப்பட்ட மீனுக்கே திரும்பி வருகிறது. இது நட்சத்திர மாதம் எனப்படும். ஆனால் அதற்குள் கதிரவனும் சிறிது தொலைவு நகர்ந்துவிடுவதால், ஒரு முழுமதியிலிருந்து மறு முழுமதி வரை 29 நாளும் 12 மணியும் 44 நிமிடமும் ஆகின்றன. இதுவே சாந்திர மாதம். கதிரவனுக்கும் திங்களுக்கும் இடையே பன்னிரண்டு பாகை விலகினால் அது ஒரு திதி. முப்பது திதிகள் சேர்ந்தால் 360 பாகை நிறைந்து ஒரு சாந்திர மாதம் முடியும்.

திங்கள் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. நிலவுலகுக்கு அண்மையில் வரும்போது விரைகிறது. சேய்மையில் மெல்ல நடக்கிறது. அதனால் ஒரு திதி சில வேளைகளில் 20 மணி நேரத்தில் முடிந்துவிடும். சில வேளைகளில் 26 மணி நேரத்துக்கு மேலும் நீளும். ஒரே நாளில் இரண்டு திதிகள் முடிவதும், ஒரு திதி இரண்டு சூரியோதயங்களைத் தொட்டு நிற்பதும் இதனாலேயாம். பஞ்சாங்கத்தில் நாழிகை, விநாழிகை என்று எழுதியிருப்பது வெறும் எழுத்தன்று. விண்ணில் நடக்கும் ஓட்டத்தின் அளவு.

பதினொரு நாள் பற்றாக்குறை

பன்னிரண்டு சாந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாட்களும் சில மணியும் வரும். கதிரவனது ஆண்டோ 365 நாட்களுக்குச் சற்று மேற்பட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் குறைகின்றன. உலகில் நாட்கணக்கு வகுத்த மக்கள் அனைவரும் இந்தப் பதினொரு நாள் பற்றாக்குறையோடு போராடியவர்களே. அவர்கள் கண்ட முடிவுகள் மூன்று.

முதல் முடிவு, திங்களையே முழுதும் பற்றிக் கதிரவனை விட்டுவிடுவது. இசுலாமிய மக்களின் இசுரி ஆண்டு இத்தகையது. பொ.ஆ. 622-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட அக்கணக்கில் இடையே மாதம் சேர்ப்பதில்லை. ஆதலால் அவர்தம் நோன்பு மாதம் ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னேறி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது.

இரண்டாவது முடிவு, கதிரவனைப் பற்றித் திங்களை விட்டுவிடுவது. பழைய உரோமானியர் திங்களைத் தழுவியே மாதம் வகுத்திருந்தனர். இடையே மாதம் சேர்க்கும் அதிகாரம் குருமாரிடம் இருந்தது. அதனை அவர்கள் அரசியல் நோக்கில் கூட்டியும் குறைத்தும் கையாள, பருவமும் மாதமும் முற்றும் பிறழ்ந்தன. சூலியசு சீசர் பொ.ஆ.மு. 46-ஆம் ஆண்டை 445 நாட்கள் கொண்டதாக நீட்டி அக்குழப்பத்தைத் தீர்த்து, கதிரவன் கணக்கை நிலைநாட்டினார். அன்று தொட்டு மேலைநாட்டு மாதத்துக்கும் வானத்துத் திங்களுக்கும் உறவு அற்றது. 1582-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி அக்கணக்கைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவ்வாறிருந்தும் கிறித்தவர்களின் உயிர்ப்புத் திருநாள் மட்டும் இன்றளவும் இளவேனில் முழுமதியைத் தொடர்ந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே கொள்ளப்படுகிறது. அரசும் வாணிகமும் திங்களைத் துறந்தாலும் வழிபாடு துறக்கவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாவது முடிவு, இருவரையும் இணைப்பது. பாபிலோனியர், யூதர், சீனர், பாரத நாட்டினர் ஆகியோர் சென்ற வழி இது. மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு மாதம் அளவுக்குப் பற்றாக்குறை சேர்ந்துவிடும். அப்போது ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துக்கொண்டால் பருவமும் திங்களும் மீண்டும் இணையும். நம் நாட்டுப் பழைய வேதாங்க சோதிடம், ஐந்து ஆண்டுகளுக்கு 1830 நாட்கள், 62 சாந்திர மாதங்கள் என்று கணக்கிட்டு, ஐந்தாண்டுக்கு இரண்டு அதிக மாதங்களைச் சேர்த்தது. திங்களைப் பொறுத்தவரை இக்கணக்கில் பிழை ஒரு நாளுக்கும் குறைவு. கதிரவனைப் பொறுத்தவரை ஏறத்தாழ நான்கு நாள் பிழை. பிற்காலத்தில் 19 ஆண்டுகளுக்கு 235 சாந்திர மாதங்கள் என்ற நுட்பம் கண்டறியப்பட்டது. பாபிலோனியர் இதனை நடைமுறையிற் கொண்டனர். ஏதென்சு நகரத்து மெத்தோன் பொ.ஆ.மு. 432-இல் இதனை வெளியிட்டார். பத்தொன்பது பன்னிரண்டு 228. அதனோடு ஏழு அதிக மாதங்கள் சேர 235. இக்கணக்கில் கதிரவனுக்கும் திங்களுக்கும் உள்ள வேறுபாடு சில மணி நேரமே.

அன்பர்கள் தம் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்குப் பத்தொன்பது வயது நிரம்பும் நாளில் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். பிறந்த தேதியும் பிறந்த திதியும் பிறந்த நட்சத்திரமும் ஒன்றுகூடி நிற்பதை, மிஞ்சினால் ஒரு நாள் முன்பின்னாக நிற்பதைக் காண்பீர்கள். அவ்வாறே, ஆயிரம் பிறை கண்டவர் என்று முதியோரைப் போற்றிச் சதாபிடேகம் செய்கிறோம். ஆயிரம் சாந்திர மாதங்கள் நிறைய எண்பது ஆண்டும் ஏறத்தாழப் பத்துத் திங்களும் ஆகும். எண்பதைக் கடந்த பின் அவ்விழா கொள்ளும் வழக்கம் இக்கணக்கின் வழி வந்தது.

தமிழர் கண்ட இணைப்பு

தமிழ்நாட்டு ஆண்டு கதிரவன் வழிப்பட்டது. கதிரவன் மேட இராசியில் புகும் நாள் சித்திரை முதல் நாள். ஆயினும் மாதத்துக்கு நாம் இட்ட பெயர் 'திங்கள்' என்பது. அம்மாதங்களின் தனிப்பெயர்களும் பெரும்பாலும் முழுமதி நிற்கும் நாண்மீனைத் தழுவியவை. சித்திரை மீனை ஒட்டி முழுமதி தோன்றுவது சித்திரைத் திங்கள். விசாகத்தை ஒட்டியது வைகாசி. கார்த்திகையை ஒட்டியது கார்த்திகை. மகத்தை ஒட்டியது மாசி. முழுமதி நாளில் திங்கள் கதிரவனுக்கு நேர் எதிரே நிற்கும். கதிரவன் மேடத்தில் இருந்தால் திங்கள் துலாத்தின் எல்லையில், சித்திரை மீனை ஒட்டி நின்றாக வேண்டும். உடல் கதிரவனுடையது, பெயர் திங்களுடையது என்னும்படி இரண்டையும் ஒன்றாக்கியது நம் மாத முறை. அம்மையும் அப்பனுமாய் ஓர் உருவில் நின்ற பெருமானை வழிபடுவோர்க்கு இவ்விணைப்பு வியப்புத் தராது.

இம்முறை மிகப் பழையது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், திங்களின் பெயர்களும் நாண்மீன்களின் பெயர்களும் வருமொழியோடு புணரும்போது எந்தச் சாரியை பெறும் என்று தனித்தனி விதி கூறப்பட்டுள்ளது. பன்னிரு திங்களின் பெயர்களும் இகரத்திலோ ஐகாரத்திலோ முடிவதை எண்ணிப் பாருங்கள். அவ்வீறுகளின் புணர்ச்சியிலேயே இலக்கணம் அவற்றைக் குறித்து வைத்தது. மக்கள் வாயில் அன்றாடம் வழங்கிய சொற்களுக்கன்றோ இலக்கணம் விதி செய்யும்!

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் மயிலையில் பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகம், ஒரு கோயிலின் ஆண்டு முழுமைக்குமான திருவிழாப் பட்டியலாகவும் நமக்கு விளங்குகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனத் திங்களும் நாண்மீனும் இணைந்த விழாக்கள் அதில் வரிசையாக வருகின்றன. அட்டமி நாள் என்னும் திதி வழிபாடும் வருகிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மயிலையில் எந்த முறையால் நாள் குறித்தார்களோ அந்த முறையாலேயே நாம் இன்றும் குறிக்கிறோம்.

பொதுவாகக் கூறின், நம் விழாக்கள் இருவகை. பூசம், மகம், உத்திரம் முதலியன நட்சத்திரத்தால் அமைவன. மகா சிவராத்திரி, கந்த சட்டி, பிரதோடம் முதலியன திதியால் அமைவன. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலின் இருபத்தைந்து நாள் பெருவிழா ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறுவதும் திதியின் வழியே. குடந்தை மகாமகத்திலோ கதிரவன், திங்கள் ஆகிய இருவரோடு வியாழனும் சேர்கிறது. வியாழன் சிங்கத்தில் நிற்க, மாசித் திங்களில் மகமும் முழுமதியும் கூடும் நாள் அது. 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது.

ஒரே திங்களில் ஒரு நட்சத்திரம் இருமுறை வருவது உண்டு. நட்சத்திர மாதம் 27 நாள், நம் மாதம் 29 முதல் 32 நாள் என்பதால் அது இயல்பே. அப்போது முழுமதியை ஒட்டி வருவதையே விழாவுக்குக் கொள்வது பல கோயில்களின் வழக்கு. அவ்வாறே இரண்டு அமாவாசைகளும் வருவதுண்டு. 2023-ஆம் ஆண்டில் ஆடி முதல் நாளும் ஆடி 31-ஆம் நாளும் அமாவாசை. "எந்த நாளில் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றுவது?" என்று பலரும் கேட்டனர். பல தலங்களில் இரண்டாவதே கொள்ளப்பட்டது. பதினொரு நாள் பற்றாக்குறை சேர்ந்து முதிர்ந்து வெளிப்பட்ட திங்கள் அது. சாந்திரமானத்தார் அதனையே அதிக மாதம் என்றனர்.

சோழியும் வாக்கியமும்

இவ்வளவு நுட்பமான கணக்கைக் கருவிகள் பெருகாத காலத்தில் நம் முன்னோர் எவ்வாறு போட்டனர்? திங்கள் விரைந்து நடக்கும் நிலையிலிருந்து மீண்டும் விரையும் நிலைக்கு வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் மிகச் சரியாக 248 நாள். எனவே 248 நாட்களுக்கும் திங்கள் நிற்கும் இடத்தை ஒருமுறை கணித்துவிட்டால் பின்னர் அதனையே திரும்பத் திரும்பக் கையாளலாம். ஒவ்வொரு நாளின் அளவையும் எழுத்துக்கு எண் இட்டுச் சிறு சிறு தொடர்களாக அமைத்து மனனம் செய்தனர். அவையே வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள். அவற்றைக் கொண்டு கணிக்கப்படுவது வாக்கியப் பஞ்சாங்கம்.

சான் வாரன் என்னும் ஆங்கில அரசின் அலுவலர் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்னும் நூலில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். புதுவையில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, அவ்வாண்டு மே 31, சூன் 1 நாட்களில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடும் எழுத்தாணியும் கையில் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் மட்டுமே வேறுபாடு. அரை நூற்றாண்டுக்கு முன்பே புதுவைக்கு வந்த பிரெஞ்சு வானியலார் லெ சாந்தீலும் இத்தகைய திறனைக் கண்டு எழுதியிருந்தார். வாரன் கண்ட கணிதர்க்கு அக்கணக்கின் அடிப்படைக் கொள்கை தெரிந்திருக்கவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. இதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஒரு படிப்பினையும் உண்டு. வாக்கியம் நெஞ்சில் நின்றது. அதனை ஆக்கிய ஆராய்ச்சி கைநழுவியது.

இரண்டு பஞ்சாங்கங்கள் ஏன்?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பழைய சித்தாந்தக் கணக்கு, திங்களின் வேகமாறுதலுக்கு ஒரே ஒரு திருத்தத்தைக் கொண்டது. அத்திருத்தம் கிரகணங்களைக் கண்டு ஒப்பிட்டு அமைக்கப்பட்டதால், கிரகணம் நிகழும் அமாவாசையிலும் முழுமதியிலும் ஓரளவு பொருந்தும். கதிரவனது ஈர்ப்பால் திங்களுக்கு வேறு அசைவுகளும் உண்டு; அவை அரைமதி நாட்களில் மிகும். அப்போது பழங்கணக்கு இரண்டரைப் பாகை வரை பிறழலாம். நேரத்தில் ஏறத்தாழ ஐந்து மணி, அதாவது பன்னிரண்டு நாழிகை. ஆகவே முழுமதி விழாக்களில் இரண்டு பஞ்சாங்கங்களும் பெரும்பாலும் ஒத்துப்போக, சட்டி, அட்டமி போன்ற திதிகளில் அடிக்கடி மாறுபடக் காண்கிறோம். வானத்தில் திங்கள் உண்மையில் நிற்கும் இடத்தைக் காட்டுவது திருக்கணிதமே என்பதில் ஐயமில்லை.

"முன்னோர் கணக்கைத் திருத்துவது குற்றமாகாதா?" என்பார் உளர். முன்னோரே திருத்தினர் என்பது வரலாறு. பத்தாம் நூற்றாண்டில் முஞ்சாலர் திங்களுக்கு இரண்டாவது திருத்தத்தைக் கண்டார். கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களை நேரிற் கண்டு ஆராய்ந்து, 1431-இல் கண்ணாற் கண்டதோடு பொருந்துமாறு 'திருக்கணிதம்' வகுத்தார். சென்னை வானாய்வுக் கூடத்திற் பணியாற்றி 1880-இல் மறைந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் நம் பஞ்சாங்கம் இம்முறையில் திருந்த வேண்டும் என்று பாடுபட்டார். திருக்கணிதம் மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவது அறியாமை.

நாடு விடுதலை பெற்றபின் 1952-இல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, பாரத நாட்டில் ஏறத்தாழ முப்பது வகை நாட்காட்டிகள் வழங்குவதைக் கண்டது. அதன் முடிவின்படி 1957 மார்ச்சு 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கோயில் விழாக்கள் தத்தம் மரபுப்படியே நடக்கின்றன. ஆணையால் மாற்றத்தக்கது அலுவலகத் தேதி. மக்கள் ஒருங்கு கூடும் நாளை மரபே நடத்துகிறது. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றாகத் திங்களின் நிலை பற்றிய போயா நாட்களை வார விடுமுறையாக்கிப் பார்த்துப் பின் கைவிட்டதும் இங்கு எண்ணத்தக்கது. தொழிலின் ஓட்டம் வேறு; திங்களின் ஓட்டம் வேறு.

கல்லில் நின்ற திங்கள்

திங்கட்கணக்கு வழிபாட்டுக்கு மட்டும் உதவிற்று என்று எண்ணவேண்டா. நம் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளிற் பல, அரசனது ஆட்சியாண்டோடு இராசி, பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் குறிக்கின்றன. ஆட்சியாண்டு ஒன்றே இருந்தால் அவ்வரசன் எந்நூற்றாண்டினன் என்பதே புலப்படாது. திதியும் கிழமையும் நட்சத்திரமும் ஒரே நாளில் ஒருங்கு பொருந்துவது அரிது. ஆதலால் அக்குறிப்பு அந்த நாளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. செருமானிய அறிஞர் கீல்ஆர்ன் இவ்வாறு கணித்தே, முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டு சூன் 25-க்கும் சூலை 25-க்கும் இடையே அரியணை ஏறினான் என்று நிறுவினார். திவான் பகதூர் இ. தா. சாமிக்கண்ணுப் பிள்ளை பொ.ஆ. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி நட்சத்திரம் கணித்து 1922-இல் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவர் கிறித்தவ சமயத்தவர். ஆயினும் நம் கோயிற் கல்வெட்டுகளின் காலம் தெளிய அவர் உழைப்பு ஆற்றிய உதவி அளவிடற்கரியது.

கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்த ஒரு மூதாட்டியின் அறச்செயலும் இன்ன நாளில் நடந்தது என்று நாம் அறிய முடிவது, அன்று கல்லில் திதியையும் நட்சத்திரத்தையும் பொறித்து வைத்தவர்களின் கவனத்தால் அன்றோ!

அன்பர்களே! கலங்க வேண்டா. கிரகணம் போலக் கண்ணுக்குப் புலனாவதற்குக் கண்ணோடு பொருந்தும் கணக்கைக் கொள்ளுங்கள். திருவிழாவுக்கும் விரதத்துக்கும் உங்கள் திருக்கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைக் கொள்கிறதோ அதனையே வீட்டிலும் கொள்ளுங்கள். பெருமான் வீதி எழுந்தருளும் நாளில் அடியார் கூட்டத்தோடு நின்று தொழுவதே விழாவின் பயன். ஊர் கூடி ஏற்ற நாளை ஒரு வீடு மட்டும் விலகி நின்று பழிப்பதும், கணக்கைத் திருத்த முனைவோரை ஊர் பழிப்பதும் இரண்டுமே சைவத்துக்கு அழகல்ல. மூத்தவரும் இளையவரும் ஒருவர் விரதத்தை ஒருவர் இகழாது இருப்பார்களாக.

தேய்ந்து வந்த திங்களைப் பெருமான், "நீ ஏன் குறைந்து வந்தாய்?" என்று கேட்கவில்லை. குறையோடே எடுத்துத் தலைமேல் வைத்தார். சில நாழிகை முன்பின்னாக வந்து நிற்கும் நம் வழிபாட்டையும் அவர் அவ்வாறே ஏற்றருள்வார். தீர்த்த நாளன்று இரவு வானை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சம்பந்தப் பிள்ளையார் மயிலையிற் பாடிய நாளில் எந்த மீன்களிடையே திங்கள் நடந்ததோ அதே மீன்களிடையே அது நடந்துகொண்டிருக்கக் காண்பீர்கள்.

திருச்சிற்றம்பலம்.